மூளைத் தமனி சுருங்குவதற்குக் கொழுப்பு மட்டுமே காரணமன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில், இளவயதினருக்கு வரும் பக்கவாதம் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். முகம் கோணுவது, கை துவள்வது, பேச்சு குழறுவது ஆகிய மூன்றில் எதைக் கண்டாலும் நேரத்தை வீணாக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்று அக்கட்டுரை அழுத்தமாகச் சொல்லியிருந்தது, அதற்கு நன்றி. ஆனால் அதில் இருந்த இரண்டு வாக்கியங்கள் திருத்தப்படாமல் போய்விடக் கூடாது என்று கருதியே இக்கடிதத்தை எழுதுகிறேன். 'மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் சுருங்குவதற்குக் கொழுப்புப் படிவதே காரணம்' என்பது ஒன்று. 'பரம்பரையாக வரும் அடைப்புக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை' என்பது மற்றொன்று. முதலாவது பாதி உண்மை. இரண்டாவது முழுத் தவறு. அதை நம்பும் வீட்டில் ஒரு குழந்தை இருந்தால் அக்குழந்தைக்கு அது தீங்காகவும் முடியலாம்.

நான் மருத்துவன் அல்லன். மேல்நிலைப் பள்ளியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் விலங்கியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். குரோமோசோம் பற்றியும் இரத்த ஓட்டம் பற்றியும் கரும்பலகையில் எத்தனையோ முறை படம் வரைந்திருக்கிறேன். ஆயினும் அவை இரண்டும் என் வீட்டுக்குள்ளேயே ஒன்றாக வந்து நிற்கும் என்று எண்ணியதில்லை.

என் மகன் வழிப் பேத்திக்கு அப்போது ஏழு வயது. தம்பியோடு சண்டையிட்டு விம்மி அழுதால் அவளுடைய இடது கை துவண்டுவிடும். கையில் இருப்பது நழுவி விழும். ஐந்து பத்து நிமிடங்களில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஒருநாள் சூடான பாலை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தபோது டம்ளர் அப்படித்தான் கீழே விழுந்தது. தம்பியின் பிறந்தநாளுக்குப் பலூன் ஊதியபோதும் அவ்வாறே நேர்ந்தது. எழுதச் சோம்பல்பட்டு நடிக்கிறாள் என்று வகுப்பாசிரியை சொன்னார். நானும் ஆசிரியனாக இருந்தவன் என்பதாலோ என்னவோ, அதை முதலில் நம்பியவன் நான்தான். பிறகு அழைத்துச் சென்ற இடத்தில் வலிப்பு நோயாக இருக்கலாம் என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள். ஐந்து மாதங்கள் அம்மருந்தைக் கொடுத்தோம். ஆறாவது மாதம் காய்ச்சலில் ஒருநாள் முழுவதும் சரியாகத் தண்ணீர் குடிக்காமல் படுத்திருந்தவளுக்கு, மறுநாள் காலையில் துவண்ட கை பத்து நிமிடங்களில் திரும்பவில்லை. எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தபோது மூளையின் வலப்பக்கத்தில் ஒரு சிறு பகுதி இரத்தம் இன்றிப் பாதிக்கப்பட்டிருந்தது தெரிந்தது. ஆஞ்சியோகிராம் செய்தபோது இரு பக்கத்துத் தமனிகளும் மண்டையோட்டுக்குள் சுருங்கியிருந்தன. அந்நோய்க்கு மோயாமோயா என்று பெயர் சொன்னார்கள்.

மருத்துவரிடம் என் மருமகள் கேட்ட முதல் கேள்வி, "எண்ணெய்ப் பலகாரம் அதிகமாகக் கொடுத்துவிட்டேனா டாக்டர்?" என்பதுதான். குழந்தையின் கொலஸ்ட்ரால் அளவு சரியாகவே இருந்தது. அப்படி இருந்தும் அந்தத் தாயின் மனத்தில் அக்கேள்வி எங்கிருந்து எழுந்தது என்பதற்குத் தங்கள் கட்டுரையின் வாக்கியமே விடை. அடைப்பு என்றாலே கொழுப்பு என்று நாம் அனைவரும் கேட்டும் படித்தும் பழகிவிட்டோம்.

கழுத்தின் இருபுறமும் மேலேறும் உட்கழுத்துத் தமனிகள் மண்டையோட்டுக்குள் நுழைந்து, மூளையின் அடிப்பகுதியில் இரண்டிரண்டு பெரிய கிளைகளாகப் பிரிகின்றன. மோயாமோயாவில் சுருக்கம் நேர்வது பெரும்பாலும் அந்தப் பிரிவிடத்தில்தான். அங்கே கொழுப்புக் கட்டி ஏதும் வந்து குழாயை அடைப்பதில்லை. குழாயின் உட்சுவரில் மென்தசைச் செல்கள் பெருகி, சுவரே தடித்து உள்நோக்கி வளர்கிறது. உள்ளிருக்கும் மீள்தன்மைப் படலம் மடிப்பு மடிப்பாகச் சுருள்கிறது. குழாயின் வெளி விட்டமும் குறைந்துவிடுகிறது. வீட்டுத் தண்ணீர்க் குழாயில் அழுக்குச் சேர்வதை மூளைத் தமனிக்கு உவமையாகச் சொல்வதை நாம் எங்கும் பார்க்கிறோம், ஆனால் இந்நோய்க்கு அந்த உவமை சிறிதும் பொருந்தாது. இங்கே அழுக்கு என்று ஒன்று சேரவில்லை, குழாயே குறுகுகிறது. இரத்தம் வராத பகுதியைக் காப்பாற்ற உடல் பக்கத்தில் இருக்கும் மெல்லிய நாளங்களைப் பெருக்கிக்கொள்கிறது. ஆஞ்சியோகிராம் படத்தில் அவை ஊதுவத்திப் புகை கலைந்து நிற்பதுபோல் தெரியும். 1957-இல் ஜப்பானில் தாக்கேயுச்சியும் ஷிமிசுவும் இந்நோயை முதலில் பதிவு செய்தனர். அதை உட்கழுத்துத் தமனிகள் பிறவியிலேயே சரியாக வளராத நிலை என்று அவர்கள் கருதினர். 1969-இல் செண்டாய் நகரிலுள்ள தொஹோகு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜிரோ சுசுக்கியும் அகிரா தாக்காகுவும், மங்கலாகப் புகைமூட்டம்போல் தோன்றுவதைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லையே நோய்க்குப் பெயராக வைத்தனர். அந்த மெல்லிய நாளங்கள் பலவீனமானவை என்பதால் பெரியவர்களுக்கு அவை வெடித்து மூளையில் இரத்தக் கசிவும் ஏற்படுவதுண்டு. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இரத்தக் குறைவால் வரும் வாதமே நேர்கிறது.

அழுதால் ஏன் கை துவள்கிறது என்பதற்கும் விளக்கம் உண்டு. விம்மி அழும்போதும், பலூன் ஊதும்போதும், சூடான உணவை ஊதி ஆற்றும்போதும் நாம் வேகமாக மூச்சு விடுகிறோம். அப்போது இரத்தத்தில் கரியமில வாயுவின் அளவு குறைகிறது. அது குறைந்தால் மூளையின் இரத்தக் குழாய்கள் இறுகும். நலமான குழந்தைக்கு இதனால் ஒன்றும் ஆகாது. ஏற்கெனவே குறைந்த இரத்தத்தில் காலம் தள்ளிக்கொண்டிருக்கும் மூளைப் பகுதிக்கோ அந்தச் சிறு இறுக்கமே தாங்காது. சூடான நூடுல்ஸை ஊதித் தின்னும்போதும், பள்ளியில் ஊதும் இசைக்கருவிகளை வாசிக்கும்போதும் இவ்வாறு நேர்வதை ஜப்பானிய மருத்துவர்கள் நெடுங்காலமாகவே அறிவார்கள். என் வீட்டில் அது பால் டம்ளராக இருந்தது. தங்கள் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரி இருந்திருந்தால், அதைப் படிக்கும் ஆசிரியர்களில் ஒருவராவது அடுத்த முறை 'நடிக்கிறாள்' என்று சொல்லுமுன் சற்று யோசிப்பார்.

இனி மரபணு பற்றி. 2011-இல் தொஹோகு பல்கலைக்கழகக் குழுவும் கியோத்தோ பல்கலைக்கழகக் குழுவும் தனித்தனியே ஆராய்ந்து, பதினேழாவது குரோமோசோமின் ஒரு முனையில் உள்ள ஆர்என்எஃப்213 என்ற மரபணுவை இந்நோயோடு தொடர்புபடுத்தின. அம்மரபணு உருவாக்கும் புரதம் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்ட மிகப் பெரிய புரதம். அதில் 4810-ஆம் இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக லைசின் என்ற வேறொன்று வந்து அமர்வதே நோயோடு தொடர்புடைய மாற்றம். தொஹோகு குழுவின் ஆய்வில், குடும்பத்தில் பலருக்கு நோய் இருந்த வீடுகளில் 95 விழுக்காட்டிலும், குடும்பத்தில் வேறெவருக்கும் இல்லாமல் நோய் வந்தவர்களில் 73 விழுக்காட்டினரிடமும் இம்மாற்றம் காணப்பட்டது. நோயற்ற ஒப்பீட்டுக் குழுவில் அது 1.4 விழுக்காடு.

இந்த மூன்றாவது எண்ணைத்தான் நான் மறுபடியும் மறுபடியும் பார்த்தேன். முதல் இரண்டு எண்களை மட்டும் பார்ப்பவர், இந்த மாற்றம் இருந்தால் நோய் உறுதி என்று நினைத்துவிடுவார். ஜப்பானிய மக்களில் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவரிடம் இம்மாற்றம் இருக்கிறது என்றால், அந்நாட்டில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதைச் சுமந்துகொண்டு நடமாடுகிறார்கள் என்று பொருள். அவர்களில் சில நூறு பேருக்கு ஒருவருக்கே நோய் வருகிறது. ஒரே கருவிலிருந்து பிறந்த, மரபணுவில் வேறுபாடற்ற இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்து மற்றவர் நலமாக இருந்த நிகழ்வுகளும் பதிவாகியுள்ளன. எலிகளிடம் அந்த மரபணுவை நீக்கியும், மாற்றியும் பார்த்தார்கள். எலிகளுக்கு மோயாமோயா தானாக வரவில்லை. அப்படியானால் மரபணுவோடு இன்னொன்றும் சேர்ந்தாக வேண்டும். பரம்பரை என்ற சொல்லைத் தீர்ப்பைப்போல எழுதக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. அந்த மாற்றத்தைத் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் ஆக இரண்டு பிரதிகள் பெற்ற சில குழந்தைகளுக்கு நோய் மிக இளம் வயதிலேயே கடுமையாக வருவதும் உண்மைதான். ஆனால் அவர்கள் மிகச் சிலர்.

அந்த இன்னொன்று எது என்று தேடும்போதுதான் அழற்சி வருகிறது. அழற்சி என்றால் வீக்கம், சிவப்பு, வலி என்று பத்தாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இங்கே அதன் பொருள் சற்று விரிந்தது: நுண்ணுயிரியையோ சேதத்தையோ கண்டவுடன் உடலின் தற்காப்பு அணி எழுப்பும் எச்சரிக்கையும் அதன் பின்விளைவுகளும் அனைத்தும் அதில் அடங்கும். ஆர்என்எஃப்213 கண்டுபிடிக்கப்பட்டபோது, இரத்தக் குழாய் வளர்ச்சியோடு தொடர்புடைய மரபணுவாக இருக்கும் என்றே பலரும் கருதினர். பின்னர் நடந்த ஆய்வுகளில், இன்டர்ஃபெரான் முதலிய அழற்சித் தூதுப் பொருள்கள் படும்போது இரத்தக் குழாயின் உட்சுவர்ச் செல்களில் இம்மரபணுவின் செயல்பாடு கூடுவது தெரியவந்தது. 2021-இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் வியப்பானது. செல்லுக்குள் புகுந்துவிட்ட சால்மொனெல்லா பாக்டீரியாவின் மேலுறையில், அழிக்கப்பட வேண்டியது என்று அடையாளக் குறி இடும் வேலையை இந்தப் புரதம் செய்கிறது என்று அது காட்டியது. நோய்க்கிருமியை அடையாளம் காணும் காவல் புரதம் ஒன்று, மூளைத் தமனி சுருங்கும் நோயின் மரபணுவாகவும் இருக்கிறது! மரபணு ஒருபுறம், அழற்சி மறுபுறம் என்று இரண்டு காரணங்களாகப் பிரித்து எழுதுவது வசதியாக இருக்கலாம். இந்நோயில் அவை ஒரே புரதத்தில் வந்து சந்திக்கின்றன. தைராய்டு சுரப்பியைத் தன் உடலின் தற்காப்பு அணியே தூண்டிவிடும் கிரேவ்ஸ் நோய் உள்ளவர்களிடம் மோயாமோயா போன்ற சுருக்கம் காணப்படுவதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கிழக்காசியாவில் பரவலாக உள்ள அந்தக் குறிப்பிட்ட மரபணு மாற்றம் நம் மக்களிடையே அவ்வளவாகக் காணப்படுவதில்லை. ஆகவே ஜப்பானின் எண்களை இங்கே அப்படியே கொண்டுவந்து பொருத்தக் கூடாது. நம் ஊரில் மூளைத் தமனி சுருங்குவதற்கு வேறு வாசல்கள் உண்டு. அவற்றுள் மூன்றையாவது தங்கள் கட்டுரை குறிப்பிட்டிருக்கலாம்.

முதலாவது, நம் வீடுகளில் பேசத் தயங்கும் ஒன்று. சின்னம்மை கண்டு இறங்கிய பின், பல மாதங்கள் கழித்துக்கூட, குழந்தைக்குத் திடீரென ஒரு பக்கம் வாதம் வரக்கூடும். சின்னம்மை வைரஸ் நரம்பு வழியே மூளையின் தமனிச் சுவரை அடைந்து அங்கே அழற்சியை உண்டாக்குவதே காரணம் என்று கருதப்படுகிறது. சுருக்கம் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும். பல குழந்தைகளுக்கு அது மேலும் வளராமல் நின்று, சில மாதங்களில் குறைந்தும் விடுகிறது. அதனால் வாதம் கண்ட குழந்தையை அழைத்துச் செல்லும்போது, கடந்த ஓராண்டில் அம்மை போட்டிருந்ததா என்பதை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். ஆத்தா வந்து போனதை வேப்பிலையோடும் தலைக்குத் தண்ணீர் விட்டதோடும் முடிந்த காரியமாக நினைத்து, அதை நோய்ப் பட்டியலிலேயே சேர்க்காத வழக்கம் நம்மிடம் உண்டு. நம்பிக்கையை நான் குறை கூறவில்லை. என் தாயாரும் அப்படித்தான் எங்களை வளர்த்தார். ஆனால் மருத்துவர் கேட்கும்போது அதை விட்டுவிட்டால், மோயாமோயாவையும் அம்மைக்குப் பின் வரும் சுருக்கத்தையும் பிரித்தறிய உதவும் குறிப்பு ஒன்று அவருக்குக் கிடைக்காமல் போகிறது.

இரண்டாவது, காசநோய். நுரையீரலோடு நின்றுவிடும் நோய் என்றே பலர் நினைக்கிறார்கள். காசநோய்க் கிருமி மூளையுறையைத் தாக்கும்போது, மூளையின் அடிப்பகுதியில் பிசின்போன்ற அழற்சிக் கசிவு திரண்டு, அதன் வழியே செல்லும் தமனிகளைச் சூழ்ந்துகொள்கிறது. தமனிச் சுவரும் அழன்று தடிக்கிறது. அதிலிருந்து பிரியும் நுண்ணிய கிளைகள் மூடிக்கொள்கின்றன. மூளையுறைக் காசநோயில் உயிரிழப்புக்கும் உடல் முடக்கத்துக்கும் இந்த வாதம் முக்கியக் காரணம். கிருமியைக் கொல்லும் மருந்து மட்டும் போதாமல், அழற்சியைத் தணிக்க ஸ்டீராய்டும் சேர்த்துத் தருவது அதனால்தான். வியட்நாமில் 545 நோயாளிகளிடம் நடத்தி 2004-இல் வெளியிட்ட ஆய்வில், டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைச் சேர்த்தவர்களிடையே இறப்பு குறைந்தது. இங்கேயும் மரபணு தலைகாட்டுகிறது. அழற்சியின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஒரு நொதிக்குரிய மரபணுவில், அதிக அழற்சிக்கு இட்டுச்செல்லும் வகையைப் பெற்றவர்களுக்கு ஸ்டீராய்டால் கூடுதல் பயன் கிடைத்ததாக 2012-இல் வியட்நாம் நோயாளிகளை வைத்து ஒரு குழு எழுதியது. இந்தோனேசியாவில் பார்த்தபோது அத்தகைய தொடர்பு தெளிவாகத் தென்படவில்லை. ஆகவே மரபணுப் பரிசோதனை செய்துதான் ஸ்டீராய்டு தர வேண்டும் என்று இதை வைத்து யாரும் சொல்லிவிட முடியாது. ஒரே கிருமி, ஒரே மருந்து, ஆனால் ஒருவரின் தமனி தப்புகிறது, மற்றவரின் தமனி மூடிக்கொள்கிறது என்பதற்கு விடை தேடும் முயற்சியாக மட்டுமே அதைக் கொள்ள வேண்டும். பிறந்த குழந்தைக்குப் போடும் பிசிஜி ஊசி, நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் நிச்சயமற்றதாக இருந்தாலும், குழந்தைகளின் மூளையுறைக் காசநோயிலிருந்து நல்ல பாதுகாப்புத் தருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லத் தோன்றுகிறது.

மூன்றாவது, அரிவாள் செல் நோய். இது முற்றிலும் மரபணுவால் வருவது. நம் நாட்டில் இந்நோயின் அரிவாள் செல்கள் முதலில் கண்டறியப்பட்டதே நீலகிரியின் பழங்குடி மக்களிடம்தான், அது 1952-இல். வளைந்து விறைத்த சிவப்பணுக்கள் தமனியின் உட்சுவரை உரசி உரசிப் புண்படுத்த, அங்கே அழற்சி எழுந்து சுவர் தடித்து, உட்கழுத்துத் தமனியின் முனை சுருங்குகிறது. சில குழந்தைகளுக்கு அது மோயாமோயாவின் புகைமூட்டத் தோற்றத்தையே எய்திவிடும். பரம்பரையாக வருவதற்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று எழுதியவர் இதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் அரிவாள் செல் நோயுள்ள குழந்தைகளின் தலையில் டாப்ளர் கருவியை வைத்து, மூளைத் தமனிகளில் இரத்தம் பாயும் வேகத்தை அளந்தார்கள். குழாய் குறுகினால் பாய்ச்சல் வேகம் கூடும். விநாடிக்கு 200 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்த குழந்தைகளுக்கு ஒழுங்காக இரத்தம் ஏற்றிவந்தபோது, வாதம் வரும் வாய்ப்பு 92 விழுக்காடு குறைந்தது. இந்த ஆய்வு வெளியானது 1998-இல். ஊசி குத்தாத, வலியில்லாத, கதிர்வீச்சில்லாத பரிசோதனை அது. நம் பகுதிகளில் காணப்படும் அரிவாள் செல் நோய் ஆப்பிரிக்க வழியினரிடம் காணப்படுவதைவிடப் பொதுவாக மிதமானது என்பதும், இங்கே வாதம் அவ்வளவு அதிகமில்லை என்பதும் உண்மை. எனினும் 2023-இல் நடுவண் அரசு தொடங்கிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கம் மலைக் கிராமங்களில் இரத்தப் பரிசோதனை செய்துவரும் நிலையில், நோய் உறுதியான குழந்தைகளுக்கு இந்த டாப்ளர் சோதனையும் எட்டும் தொலைவில் கிடைக்கிறதா என்று தங்கள் செய்தியாளர் ஒருவர் கூடலூர், பந்தலூர் பக்கம் சென்று விசாரித்து எழுதினால் பயனாக இருக்கும்.

பெரியவர்களுக்கு வரும் சுருக்கத்தில் கொழுப்புக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆசிய மக்களிடையே மண்டையோட்டுக்குள் இருக்கும் தமனிகளில் கொழுப்புப் படிந்து சுருங்குவது மேலை நாட்டு வெள்ளையரைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைப்பழக்கம் ஆகியவை அதை முடுக்குகின்றன. ஆனால் அங்கேயும் கொழுப்பு தனியாக நின்று வேலை செய்வதில்லை. சுவருக்குள் புகுந்த கொழுப்பை விழுங்க வரும் வெள்ளணுக்களே அங்கு அழற்சியை மூட்டுகின்றன. கொழுப்புத் திட்டு வெடித்து அதன்மேல் இரத்தம் உறைவதற்கும் அந்த அழற்சியே வழிசெய்கிறது. மேலும், கொழுப்புச் சுருக்கம் என்று முத்திரை குத்தப்பட்ட ஜப்பானியர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிடம் அதே ஆர்என்எஃப்213 மாற்றம் இருப்பது 2012-இல் தெரியவந்தது.

அப்படியானால் அழற்சியைத் தணிக்கும் மாத்திரை கொடுத்தால் போதுமே என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவாதத்துக்குத் தரும் பழைய மருந்தான கோல்ச்சிசினைச் சீனாவில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம், அதுவும் இரத்தத்தில் அழற்சிக் குறியீடு கூடுதலாக இருந்தவர்களிடமே, சிறு வாதம் வந்த உடனே கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று மாதங்களில் மறுபடி வாதம் வருவது குறையவில்லை என்று 2024-இல் முடிவு வெளியானது. ஆகவே அழற்சி என்ற சொல்லைக் கண்டதும் மஞ்சளையும் பூண்டையும் முன்னிறுத்தி அடுத்த கட்டுரை வந்துவிடக் கூடாது. தங்கள் கட்டுரைக்கு நேர் கீழே, பூண்டு, இஞ்சி, எலுமிச்சைச் சாற்றில் தேன் கலந்த ஒரு பானம் 'எல்லா அடைப்பையும் கரைக்கும்' என்ற விளம்பரம் இருந்ததை இங்கே குறிப்பிட வேண்டியிருக்கிறது. விளம்பரத்துக்குக் கட்டுரையாளர் பொறுப்பல்ல; ஆனால் மேலே கொழுப்பே காரணம் என்று இருக்க, கீழே கொழுப்பைக் கரைக்கும் பானம் இருந்தால் வாசகர் என்ன முடிவுக்கு வருவார்?

சுருங்கிய குழாயை விரித்து வைக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட் பற்றிய பத்தியையும் கொஞ்சம் நிதானமாக எழுதியிருக்கலாம். இதயத்துக்கு வைப்பதுபோல் மூளைத் தமனியிலும் வைத்துவிடலாம் என்ற தொனி அதில் இருந்தது. அமெரிக்காவில் கடுமையான மூளைத் தமனிச் சுருக்கம் உள்ள 451 பேரிடம் நடத்தப்பட்டு 2011-இல் வெளியான ஆய்வில், முப்பது நாட்களுக்குள் வாதமோ மரணமோ நேர்ந்தவர்கள் ஸ்டென்ட் வைத்தவர்களில் 14.7 விழுக்காடு, மருந்தும் இரத்த அழுத்த, கொழுப்புக் கட்டுப்பாடும் மட்டும் பெற்றவர்களில் 5.8 விழுக்காடு. அதன் பிறகு மருந்தே முதல் வழியாயிற்று. அம்மருந்துகளிலும் மரபணுவின் கை உண்டு. இரத்தம் உறைவதைத் தடுக்கத் தரும் குளோபிடோக்ரல் என்ற மாத்திரை கல்லீரலில் ஒரு நொதியால் மாற்றப்பட்ட பிறகே வேலை செய்யத் தொடங்கும். அந்த நொதியைச் செயலிழக்கச் செய்யும் மரபணு வகை தமிழ் மக்களிடையே எவ்வளவு உள்ளது என்று புதுச்சேரி ஜிப்மர் ஆய்வாளர்கள் 2003-இலேயே எழுதியிருக்கிறார்கள்: ஆராய்ந்த மரபணுப் பிரதிகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேல். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தாமே நிறுத்திவிட வேண்டாம். அதை உட்கொண்டும் மறுபடி வாதம் வந்தால் மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேட்கலாம்.

இப்போது என் பேத்திக்கு என்ன செய்தார்கள் என்று சொல்கிறேன், ஏனெனில் 'ஒன்றுமில்லை' என்ற வாக்கியத்துக்கு அதுதான் பதில். சுருங்கிய தமனியை யாரும் திறக்க முயலவில்லை. நெற்றிப்பொட்டில் விரல் வைத்தால் துடிக்கும் தமனி மண்டையோட்டுக்கு வெளியே இருப்பது; அதை இந்நோய் பொதுவாகத் தொடுவதில்லை. அதைப் பிரித்தெடுத்து, மண்டையோட்டில் சாளரம்போல் திறந்து, மூளையின் மேற்பரப்பிலுள்ள ஒரு கிளையோடு நேரடியாகத் தைப்பது ஒரு முறை. 1967-இல் சூரிச் நகரில் யாசர்கில் என்ற துருக்கிய அறுவை மருத்துவர் வேறு வகை அடைப்புக்காக முதலில் செய்து காட்டியது அது. குழந்தைகளின் நாளங்கள் மிக மெல்லியவை என்பதால் அவர்களுக்குப் பெரும்பாலும் இன்னொரு முறையைக் கையாள்கிறார்கள்: அத்தமனியை அறுக்காமல் அப்படியே மூளையின் மேல் படியவைத்து மூடிவிடுவார்கள், இரத்தத்துக்கு ஏங்கும் மூளை சில மாதங்களில் அதிலிருந்து புதிய நாளங்களைத் தானே ஈர்த்துக்கொள்ளும். என் பேத்திக்குச் செய்தது இந்த இரண்டாவது முறை. வலப்பக்கம் முதலிலும், நான்கு மாதங்கள் கழித்து இடப்பக்கமும். அன்றாடம் சிறு அளவு ஆஸ்பிரின் கொடுக்கிறோம். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் உடலில் நீர் குறையாமல் பார்த்துக்கொள்கிறோம். ஆஸ்பிரின் உட்கொள்ளும் குழந்தைக்கு அம்மையோ ஃப்ளூவோ வந்தால் கல்லீரலையும் மூளையையும் தாக்கும் அரிய கேடு ஒன்று நேரக்கூடும் என்பதால் அவற்றுக்கான தடுப்பூசிகளையும் மருத்துவர் சொன்னபடி போட்டிருக்கிறோம். இடது கைவிரல்களில் ஒரு மெல்லிய தயக்கம் மட்டும் நின்றுவிட்டது. பொத்தான் போடும்போது தெரியும். அந்த ஐந்து மாதங்களை நாங்கள் இழக்காமல் இருந்திருந்தால் அதுகூட இருந்திருக்காது என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

பரம்பரை என்ற சொல் வீட்டுக்குள் என்ன செய்யும் என்பதையும் எழுதிவிடுகிறேன். நோயின் பெயர் தெரிந்த வாரத்திலேயே, இது யார் பக்கத்து நோய் என்ற பேச்சு உறவினரிடையே தொடங்கிவிட்டது. என் மருமகள் எனக்குத் தங்கை மகள். முறைப்பெண்ணைக் கட்டியதால்தான் என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னார். நெருங்கிய உறவுத் திருமணம் சில மரபு நோய்களின் வாய்ப்பைக் கூட்டும் என்பதை நானே வகுப்பில் கற்பித்திருக்கிறேன். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால் மட்டுமே தோன்றும் நோய்களுக்கு அது பொருந்தும்; ஏடிஏ2 என்ற நொதி குறைவதால் அடிக்கடி காய்ச்சலும் தமனி அழற்சியும் வாதமும் வரும் ஒரு குழந்தை நோய் அந்த வகை. 2014-இல் அடையாளம் காணப்பட்ட அந்நோய்க்கும், அழற்சித் தூதுப் பொருள் ஒன்றைத் தடுக்கும் ஊசியால் வாதத்தைத் தவிர்க்க முடிகிறது என்பதைக் கட்டுரையாளர் அறிந்திருந்தால் அந்த வாக்கியத்தை எழுதியிருக்க மாட்டார். மோயாமோயாவோ அப்படி ஒரே கணக்கில் அடங்குவதில்லை. ஜப்பானிலேயே நோயாளிகளில் பத்தில் ஒருவருக்கோ சற்றுக் கூடுதலானவர்களுக்கோதான் குடும்பத்தில் வேறொருவருக்கும் நோய் இருக்கிறது. இதை அந்த உறவினருக்கு நான் விளக்கினேன். அவர் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஆகவே, தாங்கள் ஒரு சிறு திருத்தம் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கொழுப்பு படிதல், சுவர் தடித்தல், சுவர் அழற்சி ஆகிய மூன்றையும் 'அடைப்பு' என்ற ஒரே சொல்லால் குறிக்காமல், எதனால் சுருங்கியது என்பதைச் சேர்த்தே எழுதலாம். அழும்போதோ, ஊதும்போதோ, காய்ச்சலிலோ ஒரு குழந்தையின் கையோ காலோ சில நிமிடங்கள் துவண்டு திரும்பினால், அது திரும்பிவிட்டது என்று விட்டுவிடாமல் மூளைத் தமனிகளையும் படம் எடுத்துப் பார்க்கச் சொல்லலாம். இதற்கு மேல் ஒரு பத்தியும் தேவையில்லை.

கடிதத்தை வெளியிடுவதாக இருந்தால் என் பெயரைத் தவிர்த்து ஊரை மட்டும் போடுங்கள். என் பேத்தி இப்போது எட்டாம் வகுப்பு படிக்கிறாள். தங்கள் நாளிதழை எனக்கு முன்பே எடுத்து வாசிப்பவள் அவள்தான். அழும்போது நடித்தாள் என்று நான் நம்பியதை அவளிடம் நானே நேரில் சொல்ல வேண்டும், இன்னும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
கும்பகோணம்.